சனாப்ரியா கோடு

மார்லென் சனாப்ரியாவின் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது. மலைத்தொடரைச் சுற்றி அதில் பச்சை மையில் ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடும். கோட்டுக்கு மேலே பாராமோ. மரம் வளராத குளிர் மேட்டு நிலம், மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கீழே ஊர்களுக்கு விட்டுக்கொண்டிருக்கும் நிலம். அங்கே கலப்பை படக்கூடாது, மாடு மேயக்கூடாது, சுரங்கம் தோண்டக்கூடாது என்பது சட்டம். ஆனால் பாராமோ எங்கே தொடங்குகிறது என்று சட்டத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆளாக வாய்த்தவர் மார்லென்.

முனைவர் பட்டத்துக்காக அவர் போட்ட கோட்டை அரசாங்கம் அப்படியே எடுத்து அரசிதழில் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், சுற்றுச்சூழல் திட்டமிடல் ஆய்வு மையத்தின் முதுகெலும்பு. ஒரே கோட்டை வைத்து முப்பத்தொரு கட்டுரை எழுதினார். கோடும் குடிநீரும், கோடும் மண்ணும், கோடும் பெண்களும், கோடும் பருவநிலையும். எங்கள் பல்கலைக்கழகங்களில் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று உண்டு. புள்ளி சேரச் சேர நாற்காலி உயரும். மாநாடுகளில் அந்தக் கோட்டுக்குச் சனாப்ரியா கோடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் போயக்கா மலையில் செத்தவர்கள் பெயரைத்தான் எதற்கும் வைப்பார்கள். மார்லெனுக்கு அது உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது.

அந்தக் கோடு ஒரு இடத்தில் தப்பு. ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குத் தப்பு. அது மார்லெனுக்குத் தெரிந்து நாலு வருஷம் ஆகிறது.

தப்பு நடந்த இடம் பியெத்ரா கோர்தா என்ற குக்கிராமம். நாற்பது குடும்பம், எல்லாம் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். மார்லென் முதன்முதல் அங்கே போனபோது வயது முப்பது. விடாத மழை. ரப்பர் பூட்ஸ் இரண்டும் ஒழுகின. பாராமோ எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி சாமியார்செடிதான். தடித்த தண்டு, கம்பளிபோல் மெத்தென்ற இலை. மூடுபனியில் பார்த்தால் அங்கி போட்ட சாமியார்கள் வரிசையாக நிற்கிற மாதிரியே இருக்கும். அந்தச் செடி எவ்வளவு கீழே வரைக்கும் வளர்கிறதோ அதுவரை பாராமோ. அதைக் காட்டித் தரச்சொல்லித்தான் எலிசேயோ பெஸ்கா என்ற விவசாயியின் கதவைத் தட்டினார். ஊரார் அவரை மரியாதையாகத் தோன் எலிசேயோ என்பார்கள்.

"சாமியார்செடியா? இருக்கே டாக்டரம்மா, வாங்க," என்றார் எலிசேயோ. எங்கள் மலையில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வருகிற எல்லோரும் டாக்டர்தான்.

உண்மையான சாமியார்செடிக் காடு அங்கிருந்து இரண்டரை மணிநேர ஏற்றம். ஆனால் வந்த பெண்ணின் உதடு குளிரில் நீலமாகிக் கிடந்தது. எலிசேயோ அவரைத் தன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஊற்றடிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருநூறு செடி நின்றது. மார்லென் அளந்தார். தொடையளவு உயரம், அறுபது சென்டிமீட்டர், எழுபது சென்டிமீட்டர். சாமியார்செடி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்று படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் எழுபது வருஷத்துச் செடி, இயற்கையாக வந்த செடி. குறித்துக்கொண்டார். எலிசேயோவின் மனைவி ரோசால்பா சூடாக வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார். மார்லென் குடித்துவிட்டு பஸ் பிடித்துப் போய்க் கோட்டைப் போட்டார். நாற்பது குடும்பத்தின் வயலும் கோட்டுக்கு மேலே போயிற்று.

அந்தச் செடிகளை நட்டவர் ரோசால்பா. ஊற்று வற்றுகிற மாதிரி இருந்தால் மேலேயிருந்து சாமியார்செடிக் கன்று கொண்டுவந்து சுற்றி வைப்பது எங்கள் மலைப் பெண்களின் வழக்கம். செடி தண்ணீரைக் கூப்பிடும் என்பார்கள். ரோசால்பா கோவேறு கழுதை முதுகில் கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தார். மாட்டுக்கொட்டகைச் சாணமெல்லாம் அந்த ஊற்றடிக்குத்தான் வழிந்தது. சாணம் தின்று வளர்ந்த சாமியார்கள் புத்தகம் சொன்னதை மதிக்கவில்லை. பத்தே வருஷத்தில் தொடையளவு வந்துவிட்டார்கள்.

இதை யாரும் மறைக்கவில்லை. யார் நட்டது என்று மார்லென் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் மேல் ஒரு ஆயுளைக் கட்டியாகிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ரோசால்பா இறந்துபோனார். ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு மார்லென் போயிருந்தார். கருவியோடு வந்து மலையை அளந்துவிட்டுப் போனவர்களில் துக்கத்துக்குத் திரும்பி வந்த ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு ஜெபம் முடிந்து செத்தவர் செய்த நல்லதைச் சொல்லுவார்கள். எலிசேயோ எழுந்து, "இந்த ஊத்து இன்னைக்கும் ஓடுதுன்னா என் ரோசால்பா நட்ட செடியாலதான்," என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மார்லெனுக்கு மட்டும் வாய் வரவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் சொல்லலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் ஒரு மாநாடு. அதற்கடுத்து மையத்துக்கு மதிப்பீட்டுக் குழு வந்தது. பிறகு கறுப்பு ஏரிக்குப் பக்கத்தில் தங்கம் இருக்கிறதென்று ஒரு சுரங்கக் கம்பெனி வழக்குப் போட்டது, கோடே செல்லாது என்று. அதோடு வாய் நிரந்தரமாக மூடிக்கொண்டது. நாள் கடத்திய உண்மை நாளாக நாளாகப் பொய்யைவிட மோசமாகிவிடும் என்று மார்லெனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் கடத்தினார்.

இந்த வருஷம் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் யூரானி சப்பார்ரோ நாலாவது அத்தியாயத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். முப்பத்தொரு வயது, பக்கத்து ஊர்க்காரி, மண்ணைத் தோண்டினால் அடிவரை போகாமல் விடமாட்டாள்.

"மேடம், பியெத்ரா கோர்தால ரெண்டு மீட்டர் தோண்டினேன். முழுக்கக் கருவாலி மரத்து மகரந்தம், கரி. அது காடா இருந்த இடம். கரிக்கு வெட்டினாங்க, அப்புறம் கிழங்கு போட்டாங்க. பாராமோவே கிடையாது."

"செடி இருக்கே."

"செடியை அந்த அம்மா நட்டாங்க. தோன் எலிசேயோ சொன்னார்." யூரானி மார்லென் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

மார்லென் பக்கங்களைப் புரட்டினார். நன்றாக எழுதியிருந்தாள். அவ்வளவு நன்றாக எழுதாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்று மத்தியானமே மையத் தலைவர் ஹெர்மான் அவெய்யானேதா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். இந்த மாதிரி விஷயம் அவர் மூக்குக்கு எப்படித்தான் எட்டுமோ. காரியம் ஆகவேண்டுமென்றால் பெயரோடு ஒரு செல்லம் ஒட்டிக்கொள்வது அவர் பழக்கம்.

"மார்லென்சீத்தா, அந்தப் பொண்ணு என்னமோ தோண்டிட்டாளாமே?"

"தோண்டினது சரியாத்தான் இருக்கு, ஹெர்மான்."

"சரியா இருக்கட்டும். யாரு இல்லேங்கறா? ஆனா அடுத்த மாசம் விசாரணை. கம்பெனி வக்கீலுங்க உன்னோட ஒரு தப்புக்காக நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறானுங்க. ஆறு கிலோமீட்டர் தப்புன்னு நீ சொன்னா, முந்நூறு கிலோமீட்டரும் தப்புன்னு அவன் சொல்வான். ஏரி போயிடும். ஏரி போனா கீழ பதினோரு ஊருக்குத் தண்ணி போயிடும். நாப்பது குடும்பத்துக்காக அதை விடப்போறியா?"

"நாப்பது குடும்பம் இருபத்தாறு வருஷமாத் திருட்டுத்தனமாக் கிழங்கு போடுது. இன்ஸ்பெக்டர் வந்தா செடியோட பிடுங்கிப் போடறான். பசங்கள்லாம் பொகொத்தா பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போயிட்டாங்க."

"வழக்கு முடியட்டும். அப்புறம் நாமே திருத்திக்கலாம்." அவர் எழுந்து வரைபடத்துக்கு முன்னால் நின்றார். "உன் பேர் போட்ட கோடு. உனக்குத் தெரியாததா?"

வழக்கு முடிந்தால் மேல்முறையீடு. மேல்முறையீடு முடிந்தால் மார்லெனுக்கு ஓய்வு வயது. இதெல்லாம் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் ஹெர்மான் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் மார்லென் துணிந்து எழுந்திருப்பார். அந்தப் பாதி உண்மைதான் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டது.

மறுநாள் யூரானியைக் கூப்பிட்டு, நாலாவது அத்தியாயம் வேண்டாம் என்றார். அவள் வாதாடவில்லை. ஆய்வு நெறியாளர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

"ஒரு வரியாவது விடலாமா மேடம்?"

"என்ன வரி?"

"இந்தச் செடித் திட்டின் தோற்றம் மேலும் ஆராயத்தக்கது."

மார்லென் விட்டார். அந்த ஒரு வரியை விட்டதில் அவருக்கே கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மனுஷ மனசு எவ்வளவு சின்ன விஷயத்தில் சமாதானம் ஆகிவிடுகிறது பாருங்கள்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. எங்கள் ஊரில் அது பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். உதவி செய்த விவசாயிகளை அழைப்பது மரியாதை. யூரானி எலிசேயோவுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். வயது எழுபதை நெருங்கும் அந்த மனிதர் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, சலவை மடிப்புக் கலையாத கம்பளிப் போர்வையும் தொப்பியுமாக நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, அதில் மார்லெனுக்கென்று கிழங்கு.

"கழுவி எடுத்துட்டு வந்தேன் டாக்டரம்மா. மண்ணோட குடுத்தா பேராசிரியருங்க முகம் சுளிப்பாங்களாம்ல."

"யாரு சொன்னா?"

"நம்ம யூரானிதான்." சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "அவ இன்னொண்ணும் சொன்னா. ரோசால்பா நட்ட செடியைப் பார்த்துத்தான் கோடு எங்க வயலுக்குக் கீழ போச்சாமே?"

மார்லென் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆமா."

"அப்ப நான் அன்னைக்கு உங்களை மேல கூட்டிட்டுப் போயிருக்கணும். உங்க பூட்ஸைப் பார்த்து மனசு கேக்கல."

"தப்பு உங்களுது இல்ல. கேக்காதது நான்."

அவர் தொப்பியைக் கையில் எடுத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "இது வெளிய வந்தா எங்க வயலு கோட்டுக்குக் கீழ வந்துடும்னு சொல்றா. நல்லதுதான். ஆனா உங்களுக்கு ஏதும் கெடுதல் வருமா?"

சொல்வதற்கு மார்லெனுக்கு எவ்வளவோ பதில் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வருஷமாக யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

"வேலை போயிடும், தோன் எலிசேயோ."

அது உண்மைகூட இல்லை. நிரந்தரப் பேராசிரியரை எங்கள் நாட்டில் இடி விழுந்தாலும் அசைக்க முடியாது. போவதெல்லாம் பெயர்தான். அது தெரிந்துதான் சொன்னார். சொன்ன கையோடு திருத்தவும் தோன்றியது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் அவெய்யானேதா. ஓரத்தில் மெதெயின் நகரத்திலிருந்து வந்த பெத்சபே ரெஸ்த்ரெப்போ. எழுபது பக்கத்துக்கு ஒரு தரம் எச்சில் தொட்டுப் புரட்டிவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிப் போகிற ரகமில்லை அந்த அம்மாள். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். யூரானி முக்கால்மணி நேரம் பேசினாள். கைதட்டினார்கள். பெத்சபே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். இந்தச் செடித் திட்டின் தோற்றம் மேலும் ஆராயத்தக்கதுன்னு எழுதியிருக்கீங்க. கோடு இந்தத் திட்டை வெச்சுத்தானே அந்த இடத்துல கீழ இறங்குது?"

"ஆமா, டாக்டர்."

"அப்ப இது சின்ன விஷயம் இல்லையே. இதுக்கு முன்னால ஒரு அத்தியாயம் இருந்து வெட்டின மாதிரி இருக்கு. ஆராயத்தக்கதுன்னா ஏன் ஆராயலை?"

அவெய்யானேதா தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். யூரானி மார்லெனைப் பார்த்தாள். கேட்டுக்கொள்கிற பார்வைதான், அதில் கோபமே இல்லை. மார்லென் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

யூரானி மூச்சை இழுத்தாள். "இதுக்கு என்னைவிட நல்லாப் பதில் சொல்றவர் இங்கயே இருக்கார். அவர் வீட்டு ஊத்தடிதான் அது. அவரையே கேக்கலாமா?"

"தாராளமா," என்றார் பெத்சபே.

எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. எலிசேயோ எழுந்தார். அந்த ஒரு கணம் மார்லெனுக்கு நெஞ்சு லேசானது. சொல்லிவிடட்டும். என்னால் முடியாததை இவர் சொல்லிவிடட்டும், எல்லாம் ஒரேயடியாக இடிந்து விழட்டும், நான் வெளியே வந்துவிடுகிறேன். உண்மையாகவே அப்படித்தான் வேண்டிக்கொண்டார். நடைவழியில் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எலிசேயோ தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். முதலில் மார்லெனைப் பார்த்தார், பிறகு மேஜையை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்காதவன். அந்தச் செடிங்க எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் நிக்குது. யாரும் நடல. கடவுள் வெச்சது. டாக்டரம்மா எழுதினது சரி."

யூரானியின் வாய் பாதி திறந்தது. "தோன் எலிசேயோ, உங்க வீட்டம்மா..."

"அவ தண்ணி ஊத்துவாம்மா," என்றார் அவர் மென்மையாக. "நடல."

செத்த மனைவி செய்த ஒரே பெரிய காரியத்தை, ஜெபத்தில் எழுந்து நின்று சொன்ன காரியத்தை, அந்த மனிதர் ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூடவே தன் வயலையும், ஊரின் மற்ற முப்பத்தொன்பது வயலையும் விட்டுக்கொடுத்தார்.

"ரொம்ப நன்றி ஐயா," என்றார் பெத்சபே. "உள்ளூர் சாட்சியைவிட நமக்கு வேற என்ன வேணும்? இதைக் குறிப்பேட்டுல பதிவு பண்ணிடுங்க. பேர், ஊர், தொழிலோட. விசாரணைக்கும் உதவும்." அவெய்யானேதா மலர்ந்த முகத்தோடு தலையை ஆட்டினார்.

இப்போது எழுந்து நிற்க வேண்டியவர் மார்லென். இல்லை, அது பொய், என்று மூன்று வார்த்தை. நாற்காலியின் கையைப் பிடித்தார், முழங்காலில் பலம் வைத்தார். ஆனால் எழுந்தால் பொய் சொன்னவர் எலிசேயோ ஆகிவிடுவார், நீதிமன்றம் வரைக்கும். அவரைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். அதையும் அவரே நம்பவில்லை. கூடம் கலைய ஆரம்பித்தது.

யூரானிக்குச் சிறப்புத் தேர்ச்சி. நடைவழியில் எம்பனாதா என்ற பொரித்த பலகாரமும் இனிப்பு வைனும் கொடுத்தார்கள். யாரோ கொடுத்த பூங்கொத்தை மார்போடு வைத்துக்கொண்டு அவள் சுவரோரமாக நின்றாள். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். மார்லென் பக்கம் திரும்பவில்லை.

குறிப்பேட்டை எழுத வேண்டியது நெறியாளரின் வேலை. மார்லென் காலியான கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். எலிசேயோ கையெழுத்துப் போட வந்து எதிரில் உட்கார்ந்தார். பேர் எழுதியாயிற்று. ஊர் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன டாக்டரம்மா?"

"தொழில்."

"விவசாயின்னு போடுங்க." உடனே கையைத் தூக்கித் தடுத்தார். "இல்ல இல்ல, இருங்க. கோட்டுக்கு மேல இருக்கிறவன் விவசாயின்னா, கோர்ட்டுல கேப்பாங்கல்ல? பயிர் பண்றியான்னு கேப்பாங்க. தொழில் இல்லைன்னு போட்டுடுங்க."

மார்லென் அப்படியே எழுதினார். எலிசேயோ பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நான் சரியாச் சொன்னேனா டாக்டரம்மா?"

"சரியாத்தான் சொன்னீங்க, தோன் எலிசேயோ," என்றார் மார்லென். சொல்லிவிட்டு அவர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.